மாதக் கடைசி, கையில் 500 ரூபாய்: வயிற்றைக் காயப்போடும் தவறுகள்

தேதி இருபத்திரண்டு. சம்பளம் ஒன்றாம் தேதிதான். ஜிபேயைப் பார்த்து, பர்ஸைத் துழாவி, துவைக்கப் போட்ட பேண்ட் பாக்கெட்டையும் கவிழ்த்துக் கூட்டினால் 500 ரூபாய் தேறுகிறது. வாடகை கட்டியாகிவிட்டது, பஸ் பாஸ் இருக்கிறது. ஒன்பது நாள் சாப்பாடுதான் பாக்கி.

சென்னையில் அறை எடுத்துத் தங்கிய வருடங்களில் இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதல் சில தடவை ஆறாம் நாளே கையை விரித்தேன். காசு குறைவாக இருந்ததைவிட, இருந்த காசை நான் கையாண்ட விதம்தான் அதற்குக் காரணம்.

முதல் தவறு, 500-ஐ ஒன்பதால் வகுப்பது. நாளைக்கு 55 ரூபாய், கட்டுப்பாடாக இருந்தால் போதும் என்று தோன்றும். 55 ரூபாயோடு தெருவில் இறங்கிப் பாருங்கள். காலையில் ஒரு டீ, ஒரு வடை. மத்தியானம் கையேந்தி பவனில் ஒரு தக்காளி சாதம். அதோடு சரி. ராத்திரிக்கு நாளைய காசில் கை வைப்பீர்கள். மூன்றாம் நாள் நாளை மறுநாள் காசிலும். கையில் காசாக இருக்கும்வரை அது ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அன்று சாயங்காலமே மளிகைக்கடைக்குப் போய் அதை அரிசியாக, பருப்பாக மாற்றிவிட வேண்டும். டப்பாவில் கிடக்கும் அரிசியை யாரும் டீக்கடையில் கொடுத்துச் செலவழிக்க முடியாது.

எங்கள் தெருக் கடை விலையில் சொல்கிறேன், உங்கள் ஊரில் ஐந்து பத்து முன்பின் இருக்கும். புழுங்கல் அரிசி 3 கிலோ 144 ரூபாய். துவரம்பருப்பு அரைக் கிலோ 65. பச்சைப்பயறு கால் கிலோ 30. முட்டை பத்து, 65. வேர்க்கடலை கால் கிலோ 35. வெங்காயம் ஒரு கிலோ 30. எண்ணெய் 200 மில்லி பாக்கெட் 30. கீரைக்கென்று 45 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் மூன்று கட்டு வரும், அதை மூன்று நாளைக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம். ஆக 444. மீதி 56 ரூபாயை உப்பு, மிளகாய்த்தூள், புளி தீர்ந்திருந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாமானை ஒன்பதாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,800 கலோரியும் 50 கிராமுக்கு மேல் புரதமும் கிடைக்கிறது. மூட்டை தூக்குகிறவருக்கு இது போதாது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் தலை சுற்றாமல் ஒன்றாம் தேதியைப் பார்த்துவிடலாம்.

கடைக்குப் போய் இந்தப் பட்டியலில் முதலில் எதை வெட்டுவோம்? பருப்பை. அரிசி மட்டும் இருந்தால் போதும், ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாம், ரசம் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் வெட்டினேன். வெறும் ரசம் சோறு ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும், பதினோரு மணிக்கே பசிக்கும். நான்காம் நாள் மாடிப்படி ஏறும்போது முட்டி பேச ஆரம்பிக்கும். அதே சோற்றில் ஒரு கைப்பிடி பருப்பைக் குழைய வேகவைத்துப் போட்டுச் சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்கும். பச்சைப்பயறை ராத்திரி ஊறப்போட்டுத் துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் முளை விட்டுவிடும், கேஸ் செலவும் மிச்சம். பட்டியலில் வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெங்காயத்தைக் குறையுங்கள். பருப்பிலும் முட்டையிலும் கை வைக்காதீர்கள்.

டீ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, என் மேல்தான். பசியை டீயால் அடக்கலாம் என்பது அறைவாசிகளின் பரம்பரை நம்பிக்கை. ஒரு டீ 12 ரூபாய், 15 ரூபாய். பசிக்கும்போதெல்லாம் ஒன்று என்று நாலு டீ குடித்தால் மேலே சொன்ன ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போயிற்று, வயிற்றில் எரிச்சல்தான் மிச்சம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. விடவே முடியாது என்றால் அரை லிட்டர் ஆவின் பாலும் கொஞ்சம் டீத்தூளும் வாங்கி அறையிலேயே போடுங்கள். இரண்டு பேர் பங்கு போட்டால் இன்னும் மலிவு.

நூடுல்ஸும் இதே வகையறாதான். மலிவு, வேலை குறைவு என்று நாலு பாக்கெட் வாங்கி அடுக்குவோம். 70 கிராம் பாக்கெட் 15 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது, உள்ளே மைதாவும் எண்ணெயும்தான். 15 ரூபாய்க்கு 300 கிராம் அரிசி கிடைக்கும், அதில் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிடலாம். பிஸ்கட், பன், மிக்சர் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கே பொருந்தும்.

காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. ஆறு மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஏழு மணிக்கு விரல் தானாக டெலிவரி ஆப்பைத் திறக்கும். 90 ரூபாய் ஃப்ரைடு ரைஸ், பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து 150-ஐத் தாண்டி நிற்கும். அந்த ஒரு ராத்திரி மூன்று நாள் சாப்பாட்டுக் காசைத் தின்றுவிடும். மாதக் கடைசியில் அந்த ஆப்பைப் போனிலிருந்தே எடுத்துவிடுவது உத்தமம். காலையில் இரண்டு வாய் பழைய சோறும் ஒரு வெங்காயமும் இருந்தால் ஏழு மணி ஆபத்து வராது.

பழைய சோறு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மிஞ்சிய சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல், மூடி போட்டு, சென்னை மே மாதப் புழுக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிடுவது பெரிய தவறு. வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். அது விடும் நச்சு, சோற்றைத் திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. பட்டினியோடு வாந்தியும் சேர்ந்தால் மருந்துக் கடைக்கு எங்கே போவது? சோறு ஆறியதும் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காலையில் லேசான புளிப்பு மணம்தான் வர வேண்டும். நூல் விட்டாலோ கெட்ட வாடை வந்தாலோ காசைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு நாளைக்குச் சேர்த்து ஆக்குவதை ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் செய்யட்டும்.

சமைக்க இடமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அடுப்பைப் பார்த்தாலே மேனேஜர் கத்துவார். அவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று, கூச்சப்படுவது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், ராத்திரி இரண்டு சப்பாத்தி பருப்புக் கடைசலோடு 3 ரூபாய். காலையில் ஐந்து இட்லி, மத்தியானம் ஒரு சாம்பார் சாதமும் ஒரு தயிர் சாதமும், ராத்திரி நாலு சப்பாத்தி என்றால் மொத்தம் 19 ரூபாய். ஒன்பது நாளைக்கு 171. மீதிக் காசில் தினமும் அவித்த முட்டையும் கடலையும் சேர்த்துக்கொண்டால், அடுப்பு வைத்திருப்பவனைவிட நீங்கள்தான் பணக்காரர்.

நானும் முதல் தடவை எதிர்ச்சாரியில் நின்று, ஆபீஸ் ஆட்கள் யாராவது போகிறார்களா என்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஐடி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். டோக்கன் வாங்கித் திரும்பினால் வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் மாடி அக்கவுண்ட்ஸ் அண்ணன். “என்ன தம்பி, கார்டு பாக்கெட்டுல இருந்து எட்டிப் பாக்குது” என்றார். அதற்குப் பிறகு சேர்ந்தே போனோம். மத்தியானம் கொஞ்சம் சீக்கிரம் போய்விடுங்கள், இரண்டு மணிக்கு மேல் சாம்பார் சாதம் தீர்ந்துபோகும்.

கோயில் அன்னதானமும் இப்படித்தான். அறநிலையத்துறைக் கோயில்களில் 2002-இல் ஆரம்பித்த திட்டம் அது, மத்தியானப் பந்தியில் உட்கார்கிறவரிடம் யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இருக்கும் சீக்கியர்களின் குருத்வாராவில் லங்கர் என்ற இலவசப் பந்தி உண்டு, தலையில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும். ஆடி மாதம் என்றால் அம்மன் கோயிலுக்குக் கோயில் கூழ் ஊற்றுவார்கள். ரம்ஜான் என்றால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி.

ரேஷன் அட்டையை ஊரில் பீரோவுக்குள் பூட்டி வைத்துவிட்டு இங்கே கிலோ 48 ரூபாய்க்கு அரிசி வாங்குவதும் நம்மவர்கள் வழக்கம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வீட்டில் அந்த அரிசியை மாவாட்ட மட்டும் எடுப்பார்கள், பாதி மிஞ்சிக் கிடக்கும். ஊருக்குப் போய்வரும்போது ஐந்து கிலோ கட்டித் தரச் சொல்லுங்கள். அம்மாவிடம் காசு கேட்கத்தான் கஷ்டம், அரிசி கேட்டால் அவர் பருப்புப் பொடியும் சேர்த்துத்தான் கட்டுவார்.

கடன் விஷயத்தில் ஒரே பேச்சு: சாப்பாட்டுக்காக லோன் ஆப்பைத் தொடாதீர்கள். 3,000 கேட்டால் கட்டணம் பிடித்தது போக 2,000 சொச்சம் கையில் வரும், ஒரு வாரத்தில் முழுசாகக் கட்டு என்பான், தவறினால் உங்கள் போனில் இருக்கும் எண்களுக்கெல்லாம் கூப்பிடுவான். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஆனாலும் சந்தைப் பக்கம் போனால் ஆள் இருப்பான். வாங்கியே ஆக வேண்டும் என்றால் தெரிந்தவரிடம் கைமாத்தாக 200 வாங்குங்கள். அல்லது வழக்கமாக வாங்கும் மளிகைக்கடை அண்ணாச்சியிடம், “ஒண்ணாம் தேதி தந்துடுறேன், நோட்டுல எழுதிக்குங்க” என்று சொல்லுங்கள். அவருக்கு இது புதிதல்ல.

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் 28-ஆம் தேதி அக்கவுண்டில் 412 ரூபாய் வைத்திருந்தேன். காலையில் முழித்தால் 113. என்றோ இலவசமாகப் பார்க்கச் சேர்ந்த ஒரு வீடியோ ஆப், ஆட்டோபே மூலம் 299-ஐ உருவியிருந்தது. அடுத்த மூன்று நாளும் அறைத் தோழனின் சோற்றில்தான் ஓட்டினேன். கடைசிப் பணத்தை அக்கவுண்டில் விட்டுவைக்காதீர்கள். ஏடிஎம்மில் எடுத்துவிடுங்கள், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்து நிறுத்துங்கள். இஎம்ஐ இருந்தால் மட்டும் அந்தத் தொகையைத் தொட வேண்டாம், பவுன்ஸ் ஆனால் அபராதம் உங்கள் ஒரு வாரச் சாப்பாட்டுக்கு மேல் போகும்.

இவ்வளவும் ஒண்டிக்கட்டைக்குச் சொன்னது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளை தவறவே கூடாது, வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிப்போனால் ஆபத்து. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் அங்கன்வாடியில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சத்துமாவு அங்கே தருவார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மத்தியானம் சத்துணவும், தொடக்கப் பள்ளி என்றால் 2022-இல் வந்த திட்டத்தில் காலைச் சாப்பாடும் கிடைக்கும்.

கடைசித் தவறு ஒன்றாம் தேதி நடக்கிறது. சம்பள மெசேஜ் வந்த சத்தத்தோடு நேராகப் பிரியாணிக் கடை. ஒன்பது நாள் பருப்புச் சோற்றில் இருந்த வயிறு அந்த எண்ணெயைப் பார்த்து மிரண்டுபோகும், ராத்திரி தூக்கமும் போகும். நானும் அக்கவுண்ட்ஸ் அண்ணனும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முதலில் அண்ணாச்சி கடை. நோட்டில் இருப்பதை அடித்துவிட்டு, ஐந்து கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் வாங்கி, இருபதாம் தேதி வரை தொடுவதில்லை என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். அதற்கப்புறம்தான் பிரியாணி, அதுவும் ஒன்று வாங்கி இரண்டு பேர்.