செங்குத்துக் கோட்டின் சமன்பாடு: எங்கே தவறுகிறது?

கேரளத்தின் எல்லை ஊரான வேலந்தாவளத்தில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் நேர்க்கோடுகள் பாடத்துக்கு வரும் பிள்ளைகளும், எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கம் பத்தாம் வகுப்பிலேயே ஆயத்தொலை வடிவியல் படிப்பவர்களும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தவறுகிறார்கள். தென்னந்தோப்பின் ஓரமாக ஓடும் வாய்க்காலின் கரை வரைபடத்தில் 2x + 3y = 12 என்ற கோடாகவும், தோப்புக்குள் இருக்கும் கிணறு (4, 5) என்ற புள்ளியாகவும் இருக்கட்டும். கிணற்றிலிருந்து கரைக்கு மிகக் குறைந்த நீளத்தில் குழாய் பதிக்க வேண்டுமானால், அது கரைக்குச் செங்குத்தாகச் செல்ல வேண்டும்.

முதல் தவறு, x-இன் கெழுவாகிய 2-ஐயே சாய்வு (வலப்புறம் ஓர் அலகு நகரும்போது y மாறும் அளவு) என்று எடுத்துக்கொள்வது. சமன்பாட்டை y = −(2/3)x + 4 என்று மாற்றி எழுதிய பிறகே சாய்வு −2/3 என்பது தெரியும்.

மிகுதியான மதிப்பெண்கள் போவது அடுத்த படியில், அதாவது செங்குத்துக் கோட்டின் சாய்வைக் காண்பதில். சிலர் குறியை மட்டும் மாற்றி 2/3 என்றும், சிலர் பின்னத்தை மட்டும் தலைகீழாக்கி −3/2 என்றும் எழுதிவிடுகிறார்கள், இரண்டும் தவறு. இந்தக் கோட்டில் வலப்புறம் 3 அலகு நகர்ந்தால் 2 அலகு கீழே இறங்குகிறோம். அந்த நகர்வை அப்படியே 90° திருப்பினால் வலப்புறம் 2 அலகும் மேலே 3 அலகும் ஆகிறது. ஆகவே சாய்வு 3/2. எண்கள் இடம் மாறுவதும் குறி மாறுவதும் அந்த ஒரே சுழற்சியின் விளைவுகள் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செய்ய இயலாது. இதைக் கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டாமல், இரு சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்று மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு, சாய்வு 3/2 உள்ள கோடு 3x − 2y = மாறிலி என்ற வடிவில் வரும் என்பதால், பழைய கோட்டின் மாறிலியை அப்படியே தூக்கி வைத்து 3x − 2y = 12 என்று முடித்துவிடுவார்கள். (4, 5)-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 2 வருகிறது; எனவே சரியான விடை 3x − 2y = 2.

வரைபடத்தாளில் சரிபார்ப்பவர்கள் அளவுத்திட்டத்தைக் கவனிக்க வேண்டும். x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 5 அலகு என்று வைத்தால், சரியான விடையும் கோணமானியில் 90° காட்டாது.

கொடுக்கப்பட்ட கோடு x = 7 போல நிலைக்குத்தாக இருந்தால் அதன் சாய்வு வரையறுக்கப்படாததால், பெருக்கற்பலன் விதியை அங்கே பயன்படுத்த முடியாது; (4, 5) வழியே அதற்குச் செங்குத்தான கோடு y = 5 என்று நேரடியாக எழுதிவிடலாம்.