மலைத்தோட்ட மண்ணில் கன உலோகம்: வெளியேற்றுவதற்கு முன் கட்டிப்போடுங்கள்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற பழனி மலை ஊர்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் மலைப்பூண்டும் விளையும் படிநிலங்களுக்கு ஈயம், காட்மியம், செம்பு போன்ற, அளவு மீறினால் நஞ்சாகும் கன உலோகம் வந்து சேரும் வழிகள் பெரும்பாலும் சிறியவை. காட்டுமாட்டைத் தடுக்கப் போட்ட சோலார் வேலியின் பழைய ஈய பேட்டரியை உடைத்த இடம், பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரடி, ஆண்டுக்கணக்காகத் தாமிரப் பூசணக்கொல்லி தெளித்த பாத்தி, செம்பும் துத்தநாகமும் கலந்த தீவனம் தின்ற கோழிகளின் எரு, காட்மியம் சிறிதளவு கலந்திருக்கும் பாஸ்பேட் உரம் ஆகியவற்றை முதலில் எண்ணிப் பாருங்கள். பூச்சிமருந்து காலப்போக்கில் சிதையும், உலோகம் சிதையாது. அதை வெளியே எடுக்க வேண்டும், அல்லது செடியின் வேருக்கு எட்டாதபடி மண்ணிலேயே கட்டிப்போட வேண்டும். சிறு தோட்டக்காரரின் கைக்கு உட்பட்டது பெரும்பாலும் இரண்டாவது வழிதான் என்பது என் உறுதியான கருத்து.

மண் பரிசோதனை இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். சந்தேகத்துக்குரிய பாத்தியில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை, துருப்பிடிக்காத கருவியாலோ மூங்கில் சீவலாலோ மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக்கிலோவை நிழலில் உலர்த்துங்கள். அதே சரிவில் உரமே காணாத புல்வெளியிலோ சோலை ஓரத்திலோ இன்னொரு மாதிரியும் எடுக்க வேண்டும். எல்லா மண்ணிலும் இயற்கையாகவே சிறிது உலோகம் உண்டு என்பதால், இந்த இரண்டாவது மாதிரி இல்லாமல் முதல் மாதிரியின் எண்ணுக்குப் பொருளே இல்லை. தழை, மணி, சாம்பல் சத்துகளை மட்டும் சொல்லும் வழக்கமான பரிசோதனையில் ஈயமோ காட்மியமோ தெரியாது. மொத்த அளவு, செடிக்குக் கிடைக்கும் அளவு, மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஆகிய மூன்றையும் ஆய்வகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஐப்பசி மழையில் ஒரு பாத்தியின் மண் கீழே இருப்பவரின் பாத்திக்கும், அங்கிருந்து ஓடைக்கும் போய்விடும். மேலிருந்து வரும் நீரைச் சிறு வாய்க்கால் வெட்டித் திருப்பி, வரப்பின் விளிம்பில் புல் வரிசை நட்டு, வெற்று மண்ணை மூடாக்கால் மூடுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு உயரத்தில் வெட்டிவேர் நன்றாகப் பிடிக்கும். உறைபனி படியும் மேல்மலையில் அது மந்தமாகவே வளருமாதலால், அங்கேயே தழைக்கும் புல்லை நடுவது மேல்.

அடுத்தது சுண்ணாம்பு. நம் மலை மண் புளிப்பானது. புளிப்பு கூடக் கூட ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு ஆகியவை கரைந்து வேருக்கு எளிதாகச் சேரும். டோலமைட் என்ற, மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடியை இட்டு பிஎச் அளவை 6.5 அருகே கொண்டுவந்தால் அவை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு இடுவது என்பதை ஆய்வகம் சொல்லும் சுண்ணாம்புத் தேவையைக் கொண்டே முடிவு செய்யுங்கள். எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் இடாமல் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். சுண்ணாம்பு இட்டால் உருளைக்கிழங்குக்குச் சொறிநோய் வரக்கூடுமாதலால் அந்தப் பயிரின் போகத்தில் சுண்ணாம்பைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் மண்ணில் இருப்பது ஆர்செனிக் என்றால் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் அதை மேலும் கரைய வைக்கும். பரிசோதனையை நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

சுண்ணாம்போடு மண்கரி, அதாவது பயோசார், சேர்ந்தால் பிடிப்பு இன்னும் வலுக்கும். சோலைப் புல்வெளிகளை விழுங்கும் சீகை மரத்தையும், கீழ்மலையில் மண்டும் உண்ணிச்செடியையும் இதற்குப் பயன்படுத்தலாம். கூம்பு வடிவக் குழியில் உலர்ந்த குச்சிகளைச் சிறிது சிறிதாக எரித்து, மேலே வெண்சாம்பல் படியத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட்டு, குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகையை அதில் போடவே கூடாது. கரியைப் பொடித்து, மட்கிய எருவில் ஊறவைத்து, ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 40 கிலோ வீதம் மேல்மண்ணில் கலக்கலாம்.

கடுகு விதைத்தால் ஈயம் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட்டின் மேல்மண் சுமார் 7 டன். கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஈயம் என்று வைத்துக்கொண்டால் அதில் 1,400 கிராம் ஈயம் இருக்கும். ஒரு போகத்தில் 25 கிலோ உலர்ந்த கடுகுச்செடி விளைந்து, கிலோவுக்கு 100 மில்லிகிராம் உறிஞ்சினாலும் வெளியேறுவது இரண்டரை கிராம்தான். அப்படியென்றால் ஐந்நூறு போகத்துக்கு மேல் ஆகும். வேகப்படுத்த இரசாயனம் ஊற்றினால் உலோகம் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். உலோகத்தை அள்ளிச் சேர்க்கும் சில செடிகள் உண்மையிலேயே உள்ளன; டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்செனிக்கை அப்படிச் சேர்ப்பதை ஃபுளோரிடாவில் கண்டு 2001இல் வெளியிட்டார்கள். அப்படி வளர்த்த செடியை மாட்டுக்குப் போடவோ, மட்க வைக்கவோ, எரிக்கவோ கூடாது. உலோகம் மீண்டும் நம்மிடமே வந்து சேரும்.

பயிர்த் தேர்வு கையோடு பலன் தரும். கீரையும் கேரட், முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகளும் உலோகத்தையும் மண்ணையும் அதிகம் சுமக்கும். பீன்ஸ், பட்டாணி, பேரி, பிளம்ஸ் ஆகியவற்றின் காய் கனிகளுக்கு மிகக் குறைவாகவே போய்ச்சேரும். ஆண்டுக்கொருமுறை பிஎச் அளவைப் பார்த்து, மண் மீண்டும் புளித்திருந்தால் சுண்ணாம்பைத் திரும்ப இடுங்கள்.

பாதரசத்துக்குச் சுண்ணாம்பையும் மண்கரியையும் பயிர்த் தேர்வையும் நம்பியிருக்க முடியாது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவில் சுமார் 290 டன் 2003இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது; அதன் பிறகும் அந்த வளாகத்து மண்ணுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற தூய்மை இலக்கு போதுமா என்று ஊர்மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். பாம்பாறு வழியே கும்பக்கரைக்கும் வைகைக்கும் நீர் இறங்கும் இடத்தில் அந்தக் கேள்வி நியாயமானது. பாதரசம் வெயிலில் ஆவியாகும். சேறு நிறைந்த இடத்தில் நுண்ணுயிர்களால் மீனில் சேரும் நஞ்சாக மாறும். உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடியோ வெள்ளி மணிகளோ மண்ணில் தென்பட்டால் கிளறாதீர்கள், பெருக்காதீர்கள், எரிக்காதீர்கள். குழந்தைகளை விலக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, மழைநீர் அங்கு புகாமல் மேலே வாய்க்கால் வெட்டிவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தக் கடிதத்தின் படியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.