திருமலையிலிருந்து ஒரு தொழினுட்பச் சஞ்சிகை: சந்தா முதலில், அச்சு பிறகு

கணினிச் செய்தி தெரிந்துகொள்ளச் சஞ்சிகை வாங்கிய காலம் போய்விட்டது. அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய 'பைட்' 1998இல் நின்றது. 'பீசி மகசின்' 2009 தொடக்கத்தோடு அச்சை விட்டது. 'மக்சிமம் பீசி'யும் 'மக்லைஃப்'பும் 2023இல் அச்சை நிறுத்தின. விளம்பரக் காசில் இதழை நடத்தி, வாசகரிடம் சிறு தொகை மட்டும் வாங்கிய கணக்கு அது. விளம்பரம் தேடுபொறிக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் போனதும் கணக்கு உடைந்தது. அதே 2023இல் நான்கு நிருபர்கள் சேர்ந்து தொடங்கிய '404 மீடியா' வாசகர் சந்தாவை நம்பி நடக்கிறது. திருகோணமலையில் இன்று தமிழில் ஒரு தொழினுட்ப இதழ் தொடங்குபவர்களும் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுக்க வேண்டும். காசு கட்டிய வாசகர் எத்தனை பேர் என்று எண்ணிய பிறகே அச்சகத்துக்குப் போங்கள்.

மாத இதழ் என்று அறிவிக்காதீர்கள். ஆண்டுக்கு மூன்று இதழ் போதும், ஒவ்வொரு பாடசாலைத் தவணையின் தொடக்கத்திலும் ஒன்று. க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அந்தப் பிள்ளைகள், ஐ.சி.ரி. ஆசிரியர்கள், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள், கொம்பியூட்டர் திருத்தும் கடைக்காரர்கள் ஆகியோர்தான் முதல் சந்தாதாரர்கள்.

அவர்கள் மேசையில் ஒரு வருடம் கிடக்கக்கூடியதை எழுதுங்கள். புதுத் தொலைபேசி வந்த செய்தி அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும். உப்புக் காற்றில் மடிக்கணினியின் நினைவகத் தொடுமுனை ஏன் கறுக்கிறது, அதை எப்படித் துடைப்பது என்ற நான்கு பக்கம் பழசாகாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது வருடம் முழுக்கத் தேவை. கொழும்பில் வரும் எந்த இதழும் அதை எழுதப்போவதில்லை.

எழுத்துருவும் செய்நிரலும்

அதிக பிழை வருவது இங்கேதான். கட்டுரையாளர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். பாமினியில் அடித்த 'அம்மா' கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கும். அதன் மேல் பாமினி போர்த்தியிருப்பதால்தான் தமிழாகத் தெரிகிறது. யுனிகோடுக்கு மாற்றாமல் பக்கத்தில் ஒட்டினால் அந்தக் குறிகளே அச்சாகும். முழுக் கட்டுரையையும் பாமினி-யுனிகோடு மாற்றியில் போட்டால் இன்னொரு வில்லங்கம் வரும். நடுவிலுள்ள பைதன் நிரல்மொழி வரிகளையும் பாமினி என்று எடுத்து, 'பிரின்ட்' கட்டளையைத் தமிழ் எழுத்துக் குவியலாக்கிவிடும். ஆகவே தமிழ்ப் பந்திகளை மட்டும் தனியே மாற்றுங்கள். செய்நிரலைக் கட்டுரையிலிருந்து எடுக்கவே கூடாது. அதை எழுதியவரிடம் மூலக் கோப்பை வாங்கி, ஓட்டிப் பார்த்து, அந்தக் கோப்பிலிருந்தே ஒட்டுங்கள்.

மாற்றிய பிறகு கொ, கோ, கௌ மூன்றையும் தேடிப் பாருங்கள். 'கொ'வை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்திருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடினால் அகப்படாது. 'கௌ'வில் ளகரத்தைச் சேர்த்து அடிப்பதும் இதே ரகம்.

இன்டிசைனில் பக்கம் அமைத்தால் பந்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கொம்போசர்' தெரிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உரிமம் வாங்கக் காசில்லை என்றால் ஸ்கிரைபஸ் இலவசம். 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள், பழைய 1.4 தமிழை உடைக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நம்பலாம், அதுவும் இலவசம்.

மென்பொருளின் 'வளைந்த மேற்கோள்' வசதியை நிறுத்திவிடுங்கள். செய்நிரலில் நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்து அச்சானால், அந்தப் பக்கத்தின் மின்பிரதியிலிருந்து எடுத்து ஓட்டும் பிள்ளைக்கு முதல் வரியிலேயே தொடரியல் பிழை வரும். தன்னுடைய பிழை என்று நினைத்து ஒரு மணித்தியாலம் தேடும். அந்தப் பிள்ளை அடுத்த சந்தா கட்டாது.

வரி நீளத்தையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். 8 புள்ளியில் சம அகல எழுத்து ஒன்று ஏறத்தாழ 4.8 புள்ளி இடம் எடுக்கும். ஏ4 பக்கத்தை இரண்டு பத்தியாக்கினால் ஒரு பத்தி 82 மில்லிமீற்றர், அதற்குள் 48 எழுத்துத்தான் அடங்கும். பி5 பக்கத்தில் இரு ஓரமும் 15 மில்லிமீற்றர் விட்டு ஒற்றைப் பத்தியாக வைத்தால் 86 எழுத்து வரும். செய்நிரல் போடும் இதழுக்கு பி5தான் சரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒடுங்கிய பத்தியில் இருபக்கமும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சமப்படுத்துங்கள்.

அச்சகத்தில்

நடுவில் கம்பி அடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிய வேண்டும். உள்ளே 48, அட்டை 4 என்று வைத்தால் ஒரே பெரிய தாளில் 16 பக்கம் அச்சாகும் படிவம் மூன்று வரும். படிவத்தின் ஒவ்வொரு புறத்துக்கும் நிறத்துக்கு ஓர் அச்சுத் தட்டு வேண்டும்; ஒரே நிறமென்றால் உள்பக்கங்களுக்கு 6 தட்டு, நான்கு நிறமென்றால் 24. உள்ளே கறுப்பு, வெளியட்டை மட்டும் நிறம் என்பதே புத்திசாலித்தனம். கறுப்பு எழுத்து நூறு வீதம் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் தட்டு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறம் கசியும்.

வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள், படங்கள் 300 டிபிஐ. மடித்து அடுக்கும்போது நடுத்தாள்கள் வெளியே தள்ளும், 12 தாளில் ஒரு மில்லிமீற்றர் வரை போகும். எனவே பக்க இலக்கத்தை ஓரத்திலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே வையுங்கள். எழுத்துருக்கள் பதிந்த பீடிஎப் மட்டும் கொடுங்கள். அச்சகத்தில் அதை வேறு மென்பொருளில் திறந்து ஒரு சொல்லைத் திருத்தப் போனால் தமிழ் சிதறும். திருத்தம் இருந்தால் நீங்களே திருத்திப் புதிய கோப்பை அனுப்புங்கள். தட்டுப் போடும் முன் ஒரு பிரதியை அச்சிட்டு மடித்துப் பார்த்துக் கையொப்பம் வையுங்கள்.

விலைக்கோரலில் அது எந்தத் திகதி வரை செல்லும் என்று எழுதி வாங்குங்கள். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. இறக்குமதித் தாளை நம்பிய தொழில் இது.

எத்தனை பிரதி?

உதாரணத்துக்கு, தட்டுக்கும் இயந்திரம் ஆயத்தம் செய்யவும் 60,000 ரூபா, அதற்கு மேல் பிரதிக்கு 140 ரூபா என்று வைப்போம். 500 அடித்தால் பிரதி 260 ரூபா, 1,000 அடித்தால் 200 ரூபா. அச்சகக்காரர் ஆயிரம் அடிக்கச் சொல்வார். ஆனால் விற்றது 450 பிரதி என்று வையுங்கள். விலை 450 ரூபா, கடைக்கு 30 வீதம் போனால் கைக்கு வருவது 315, மொத்தம் 141,750 ரூபா. 500 அடித்தவருக்கு 130,000 செலவு, 11,750 மிஞ்சும். ஆயிரம் அடித்தவருக்கு 200,000 செலவு, 58,250 நட்டம். மலிவான பிரதிதான் கடனை ஏற்றுகிறது.

அடிக்க வேண்டியது இவ்வளவுதான்: காசு கட்டிய சந்தா, போன இதழில் கடைகளில் உண்மையில் விற்ற எண்ணிக்கை, இரண்டின் கூட்டுத்தொகையில் 10 வீதம் மேலதிகம். 220 சந்தாவும் 160 கடை விற்பனையும் என்றால் 380, அதோடு 38 சேர்த்து 420 அடித்தால் போதும். முதல் இதழுக்குக் கடை விற்பனை பூச்சியம் என்றே எடுங்கள். 200 பேர் கட்டும்வரை தட்டுப் போட வேண்டாம், 16 பக்க மாதிரியை பீடிஎப்பாக வட்ஸ்அப்பில் அனுப்பிச் சந்தா சேருங்கள். டிஜிட்டல் அச்சுக்கும் விலை கேளுங்கள். அது பிரதிக்கு 420 ரூபா என்றால், மேலுள்ள கணக்கில் 214 பிரதி வரை அதுவே மலிவு.

வங்கியில் போடும்போது குறிப்பில் தொலைபேசி இலக்கம் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் வந்த நான்கு 1,350 ரூபாவும் யாருடையவை என்று தெரியாது. அந்த 1,350 மூன்று இதழுக்கான காசு. மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதல் இதழுக்கு எடுங்கள், மற்றதைத் தனிக் கணக்கில் விடுங்கள். அச்சாகாத இதழின் காசு வாசகருடையது. அதைத் தொட்டவர்கள் மூன்றாவது இதழில் நிற்பார்கள்.

விளம்பரம் எடுக்கலாம், ஆனால் எந்த ஒரு கடையின் காசும் இதழ்ச் செலவில் பத்தில் ஒன்றைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் அந்தக் கடை விற்கும் பிரிண்டரைப் பற்றி உண்மை எழுதக் கை வராது. மதிப்பீட்டுக்கு வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரிடம் வாங்கினோம் என்பதைக் கட்டுரையின் அடியில் எழுதுங்கள்.

பதிப்பாளர், அச்சகத்தார் பெயரும் முகவரியும் இதழில் இருக்க வேண்டும். தொடர் இதழ்களுக்கான எட்டிலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணுக்குக் கொழும்பிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தின் நூலகத்துக்கு விண்ணப்பியுங்கள்.

தபாற் செலவு நிறையைப் பொறுத்தது. உள்ளே சதுர மீற்றருக்கு 70 கிராம் தாளும் அட்டைக்கு 250 கிராம் தாளும் போட்டால் பி5 இதழ் ஏறத்தாழ 96 கிராம், ஏ4 இதழ் 136 கிராம். உறையோடு சேர்த்து நிறுத்துப் பார்த்துவிட்டுத் தபாலகத்தில் கட்டணம் கேளுங்கள், பிறகு சந்தா விலையை முடிவு செய்யுங்கள். கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பிள்ளைகளுக்குத் தனித்தனி உறை வேண்டாம். பாடசாலைக்கு ஒரு கட்டாக ஆசிரியரிடம் கொடுத்து, பெயர்ப் பட்டியலில் கையொப்பம் வாங்குங்கள். கடைகளில் கொடுத்த எண்ணிக்கையை இரட்டைப் பிரதிக் கொப்பியில் எழுதி, அடுத்த இதழ் கொடுக்கும் நாளிலேயே விற்ற காசையும் விற்காத பிரதியையும் எடுங்கள். ஒக்டோபரில் வாடைக்காற்று மழை தொடங்கினால் தாள் ஈரம் குடித்துச் சுருளும். மீதிப் பிரதிகளைப் பத்துப் பத்தாக, முதுகு மாறி மாறி அடுக்கி, பொலித்தீனில் சுற்றி, நிலத்திலிருந்து ஓரடி உயரப் பலகையில், சுவரைத் தொடாமல் வையுங்கள்.