"அம்மா, தூக்கு!": ஆபரேஷன் முடிந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையோடு வெளியே போய்வருவது எப்படி?

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையில் இருந்த ஃபைப்ராய்டு கட்டியை எடுத்துவிட்டு என் மனைவியை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "6 வாரத்துக்கு வெயிட் தூக்கக் கூடாதும்மா. தண்ணிக்குடம், பக்கெட், சிலிண்டர் எதையும் தொடாதீங்க." எங்கள் வீட்டில் குடமும் சிலிண்டரும் தொந்தரவே இல்லை, வைத்த இடத்தில் இருக்கும். இரண்டேகால் வயதும் பதினொன்றரை கிலோவுமாகத் தானே நடந்து வந்து "அம்மா, தூக்கு" என்று கை நீட்டும் வெயிட்தான் தொந்தரவு.

அந்த ஆறு வாரத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது சென்னை மந்தைவெளியில், அதனால் இடங்கள் பெரும்பாலும் மயிலாப்பூர் பக்கம்தான். நீங்கள் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டையும் குளக்கரையையும் அங்கே போட்டுக்கொள்ளுங்கள். "ஆபரேஷன் ஆன வீட்டுல ஊர் சுத்தல் ஒண்ணுதான் குறைச்சலா?" என்று கேட்ட பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையைச் சின்ன ஃபிளாட்டில் நாள் முழுக்க அடைத்து வைத்தால் அது எங்கே போய்க் குதிக்கும்? அம்மாவின் வயிற்றில்தான்.

படி 1: டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்

"ரெஸ்ட் எடுங்க" என்ற சொல்லை நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எத்தனை கிலோ வரை தூக்கலாம், மாடிப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஆட்டோவில் எப்போது ஏறலாம், வயிற்று பெல்ட்டை எத்தனை மணி நேரம் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முழங்கால் ஆபரேஷனுக்கு ஒரு கணக்கு, சிசேரியனுக்கு ஒரு கணக்கு, இதயத்துக்கு வேறு கணக்கு. பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், கெண்டைக்கால் வீக்கமும் வலியும், மூச்சு வாங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் வெளியே போவதை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். திடீரென மூச்சு விட முடியவில்லை என்றால் நேராக 108. இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

படி 2: முதல் இரண்டு வாரம், நீங்களும் குழந்தையும் மட்டும்

இந்தக் கட்டத்தில் நீங்கள் வெளியே போவது ஊர் பார்க்க இல்லை. படுத்திருப்பவருக்குச் சத்தமில்லாத ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் போகிற இடம் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம் என்று இருந்தால் போதும். புதுசு புதுசாகக் காட்ட வேண்டும் என்று நமக்குத்தான் தோன்றும், அந்த வயதுக்குப் பழசுதான் பிடிக்கும்.

எங்கள் இடம் மந்தைவெளி பஸ் டிப்போ. காலை 7 மணிக்கு எதிர்ப்புறம் நின்று உள்ளே போகிற பஸ்ஸுக்கு ஒரு டாட்டா, வெளியே வருகிற பஸ்ஸுக்கு ஒரு டாட்டா. மூன்றாவது நாளே ஒரு டிரைவர் பதிலுக்கு ஹாரன் அடித்தார். அன்று முழுக்க வீட்டில் "பாம், பாம்" தான்.

கிளம்பும் விதம் முக்கியம். குழந்தை அசந்த நேரம் பார்த்து நழுவுவது, பொய் சொல்வது இரண்டும் வேண்டாம். என் மாமியார் நல்லெண்ணத்தில் "அம்மா ஊருக்குப் போயிருக்காடி செல்லம்" என்று சொல்லிவிட்டார். ஐந்து நிமிடத்தில் உள் அறையிலிருந்து இருமல் சத்தம். அதன்பிறகு அந்தக் கதவை விட்டு பாப்பாவை நகர்த்த முடியவில்லை. மறுநாள் நேரடியாகச் சொன்னேன்: "அம்மா வயித்துல உவ்வா. தூங்கறா. நாம பஸ்ஸுக்கு டாட்டா காட்டிட்டு வந்து அம்மாகிட்ட சொல்லுவோம்." தினமும் அதே வார்த்தைகள். நான்காம் நாள் அவளே செருப்பை எடுத்து வந்தாள்.

திரும்பி வருவதற்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு இலையோ உதிர்ந்த பூவோ எடுத்துக்கொள்வோம். வீட்டில் கை கழுவியதும் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்காருவாள், வயிற்றுக்கு மேல் தலையணை. பாப்பா பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து இலையைக் கொடுப்பாள். வயிற்றுப் பக்கம் தாவ வழியில்லை, ஆனால் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாயிற்று. "தூக்கு" என்பதற்குப் பதிலாக அவள் கையில் கொடுத்தது இந்தப் "பக்கத்துல உக்காரு". எங்கள் வீட்டைக் காப்பாற்றியது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

படி 3: பை

முதுகில் மாட்டும் பை ஒன்று, ஒன்றே ஒன்று. கையில் எதுவும் இருக்கக் கூடாது, காரணம் படி 6-இல் வரும். தண்ணீர், ஒரு மாற்று உடை, இரண்டு டயப்பர், ஈரத் துணி, தொப்பி, ஒரு வாழைப்பழம். மாலையில் என்றால் கொசுவுக்கு முழுக்கை சட்டை.

தின்பண்டத்தில் ஒரு எச்சரிக்கை. முழு வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை எல்லாம் இந்த வயதில் தொண்டையில் அடைக்கக்கூடியவை. கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் வாங்கினால் பட்டாணியை விரலால் நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே சாப்பிடவும் விடாதீர்கள்.

படி 4: எதில் போவது

ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துப் போவது நம் ஊரில் சாதாரணக் காட்சி. நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் 2022-இல் கொண்டுவந்து 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய விதிப்படி, 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் வீட்டில் இன்னொரு நோயாளியைப் படுக்க வைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

நீங்களும் குழந்தையும் மட்டும் போக எனக்குப் பிடித்தது பறக்கும் ரயில். மந்தைவெளியில் ஏறினால் கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் அடையாறு ஆறு. ஜன்னலோரம் மடியில் உட்கார வைத்து ஆற்றைக் காட்டிவிட்டு, திருவான்மியூரில் இறங்கி எதிர்ப்புற ரயிலில் திரும்ப வேண்டியதுதான். 5 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. பீக் அவரில் மட்டும் வேண்டாம்.

தேறிவரும் ஆளோடு போகும்போது கதையே வேறு. அவர்களுக்குத் தூரம் பெரிதில்லை, ஸ்பீடு பிரேக்கர்தான் எதிரி. ஆட்டோ ஒவ்வொரு மேட்டில் ஏறி இறங்கும்போதும் தையல் இழுக்கும். ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் அந்தக் குலுக்கல் பாதி குறையும். இருமும்போதும் தும்மும்போதும் இதே வைத்தியம்தான். ஏறும்போதே "அண்ணா, ஆபரேஷன் ஆன ஆளு, பள்ளம் பார்த்துப் போங்க" என்று சொல்லிவிடுங்கள். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருந்த சாலைகளை நான் சுற்றிக்கொண்டே போனேன். இரண்டு கிலோமீட்டர் கூடுதல்தான், ஆனால் முனகல் இல்லை.

படி 5: மூன்று பேரும் சேர்ந்து, ஒவ்வொரு படியாக

எங்கள் டாக்டர் மெதுவாக நடக்கலாம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். நடந்தால்தான் காலில் ரத்தம் உறையாது, குடலும் வேலை செய்யும். அதனால் மூன்றாம் வாரம் கேட் வரை போனோம். அவ்வளவுதான். வாட்ச்மேன் நாற்காலியில் என் மனைவி ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள், பாப்பா பூந்தொட்டியைச் சுற்றி ஓடினாள், ஏறி வந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்துத் தெருமுனை இஸ்திரி வண்டி வரை. பிறகுதான் பூங்கா.

தெம்பு தீர்ந்த பிறகு திரும்பக் கூடாது. பாதி இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். போகும்போது எல்லோரும் சூரர்கள், வரும் வழியில்தான் தெரியும். "நல்லாதான் இருக்கு, இன்னும் கொஞ்ச தூரம் போலாங்க" என்று அவளே சொல்லும்போதுதான் நான் திருப்பினேன். அதற்காகத் திட்டும் வாங்கினேன்.

பூங்கா என்றால் எங்களுக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் கம்பெனியை ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பேரில் இருப்பது. தைலக்காரர் பூங்காவில்தான் என் தலைவலியும் குறைந்தது என்று நான் சொன்ன ஜோக்குக்கு என் மனைவி சிரிக்கவில்லை. சிரித்தால் தையல் வலிக்குமாம்.

அங்கே போனதும் வேலை இப்படிப் பிரியும்: அம்மா முதலில் உட்கார வேண்டும். சாய்மானம் உள்ள பெஞ்ச், சறுக்கு மரம் கண்ணில் படுகிற இடம். அவள் உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்த பிறகுதான் குழந்தையின் கையை விடுவேன். அவள் பார்வையாளர் மட்டும். எழுந்து ஓடுவது, மண்ணை வாயில் போடாமல் பிடிப்பது, வரிசையில் அடுத்த பிள்ளையைத் தள்ளாமல் பார்ப்பது எல்லாம் என் வேலை. "நீ இந்தப் பக்கம் பாரு, நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன்" என்ற பங்கீடு இந்த ஆறு வாரத்துக்குக் கிடையாது. குழந்தை விழப் போனால் எந்தத் தாயும் டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கழிப்பறை எவ்வளவு தூரம், படிக்கட்டு எத்தனை. நேரமும் பாருங்கள், மாநகராட்சிப் பூங்காக்கள் பல நடுப்பகலில் பூட்டியிருக்கும்.

படி 6: கடற்கரை, நான் சொதப்பிய இடம்

நான்காம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மாலை, பெசன்ட் நகர். நாள், நேரம், இடம் மூன்றுமே தப்பு. மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும், வயிற்றுத் தசைதான் உடம்பைத் தாங்கும். அலை வரை போனோம், பாப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "போலாம்" என்றதும் மணலில் மல்லாந்து படுத்துவிட்டாள். என் ஒரு கையில் மூன்று ஜோடி செருப்பு, இன்னொரு கையில் சோளம். நான் அதையெல்லாம் கீழே போடுவதற்குள் அவள் அம்மா குனிந்து தூக்கிவிட்டாள்.

இரண்டு நாள் வலி. நல்லவேளை, டாக்டர் பார்த்துவிட்டுத் தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

அடுத்த தடவை மெரினாவுக்குப் போனோம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் குறுக்கே கடல் அருகே வரை மரப்பலகைப் பாதை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். மணலில் கால் வைக்காமல் கடலைப் பார்க்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர்கள்தான் அதற்கு முதல் உரிமைக்காரர்கள், வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். வாரநாள் காலையில் போனால் கூட்டம் இருக்காது. குழந்தையிடம் "இன்னும் மூணு அலை, அப்புறம் வீடு" என்று முன்கூட்டியே சொல்லி, மூன்றையும் சேர்ந்து எண்ணுங்கள். என் மகள் கடைசி அலைக்கும் டாட்டா காட்டிவிட்டுத்தான் திரும்பினாள். கைகள் இரண்டும் காலி, பை முதுகில், செருப்பு காலில்.

படி 7: வெயிலும் மழையும்

காலை 8-க்குள், இல்லையென்றால் மாலை 5-க்கு மேல். மற்ற நேரத்துக்குக் கூரை தேடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எங்களுக்குக் கைகொடுத்தது. 2010-இல் திறந்தது, ஏசி, லிஃப்ட், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. அம்மா நாற்காலியில் சாய்ந்துகொள்ள, பாப்பா படப் புத்தகங்களைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தாள். எழும்பூர் அருங்காட்சியகம் என்றால் வெள்ளிக்கிழமை விடுமுறை, கிண்டி சிறுவர் பூங்கா என்றால் செவ்வாய். பூட்டிய கேட்டின் முன் இரண்டு வயதுக்காரிக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கிழமை பார்த்துக் கிளம்புங்கள்.

ஒருவேளை படுத்திருப்பது கணவர், அழைத்துப் போவது அம்மா என்றால் பெரும்பாலும் இதே முறைதான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அரசுப் பஸ்ஸில் 5 வயது வரை குழந்தைக்கும் இல்லை. அதனால் பஸ்ஸே ஒரு பொழுதுபோக்காகிவிடும்.

படி 8: ஆறு வாரம் முடிந்ததும்

ரிவ்யூவில் டாக்டர் "இனிமே கொஞ்சம் கொஞ்சமா தூக்கலாம்" என்றால், ஆஸ்பத்திரி வாசலிலேயே தூக்கிப் பார்க்காதீர்கள். முதலில் உட்கார்ந்த நிலையில் குழந்தை தானாக மடியில் ஏறட்டும். சில நாள் கழித்து, முழங்காலை மடக்கிக் கீழே இறங்கி, குழந்தையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து எழ வேண்டும். இடுப்பை வளைத்துக் குனிந்து அள்ளுவது கூடாது. பெல்ட்டை எப்போது விடலாம் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் தடவை மடியில் ஏறியது அதே பூங்கா பெஞ்சில்தான். நான் போன் கேமராவைத் திறப்பதற்குள் எதிர் மரத்தில் ஒரு அணில் இறங்கியது. பாப்பா மடியிலிருந்து சறுக்கி அதன் பின்னால் ஓடிவிட்டாள்.