முதல் ஷட்டவுன் திட்டம்: இலவச மென்பொருளில் படிப்படியாக

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ ஒரு நடுத்தர ஆலையின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) பொறுப்பு வந்தால், கூடவே போன வருட வேலைப் பட்டியலும் வரும். தேதியை மட்டும் மாற்றிச் சுற்றுக்கு விடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். லிப்ரே ஆஃபீஸ் கால்க் (விரிதாள்), பிராஜெக்ட் லிப்ரே (திட்ட அட்டவணை) ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களே இந்த வேலைக்குப் போதும். விலையுயர்ந்த தொகுப்பை விற்க வருபவரை அடுத்த வருடம் வரச் சொல்லலாம்.

படி 1: ஆய்வுப் பதிவேடு

கால்க்கில் வரிசைக்கு ஒரு கருவி. டேக் நம்பர் (கருவியின் அடையாள எண்), இடம், கடைசி ஆய்வுத் தேதி, இடைவெளி (மாதங்களில்), அடுத்த ஆய்வுத் தேதி. கடைசிக் கட்டத்தைக் கையால் நிரப்ப வேண்டாம். ஈடேட் சூத்திரம் தேதியுடன் மாதங்களைக் கூட்டித் தரும். டேக் நம்பரை ஒரே மாதிரி எழுதுங்கள். பி-101 என்று ஓரிடத்திலும் பி101 என்று இன்னோரிடத்திலும் இருந்தால் கணினி அதை இரண்டு பம்புகளாகவே பார்க்கும்.

இடைவெளியை நாமாக முடிவு செய்ய முடியாதவை உண்டு. பாய்லர் சான்றிதழ் பொதுவாக 12 மாதங்களுக்கு மேல் செல்லாது. தூக்கு எந்திரங்கள், சங்கிலிகளுக்கு 12 மாதம், லிஃப்டுக்கு 6 மாதம் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வரம்பு வைத்தது. இன்று உங்கள் ஆலைக்குப் பொருந்தும் விதிகளைப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு நிரப்புங்கள்.

அழுத்தக் கலன்களுக்குத் தடிமன் கணக்கு வேண்டும். 2021இல் 8.0 மி.மீ. இருந்த சுவர் 2025இல் 7.2 மி.மீ. என்றால், அரிப்பு ஆண்டுக்கு 0.2 மி.மீ. குறைந்தபட்சத் தடிமன் 5.2 மி.மீ. என்றால் மீதமிருப்பது 2.0 மி.மீ., அதாவது 10 ஆண்டு ஆயுள். அழுத்தக் கலன் ஆய்வுக்கான ஏபிஐ 510 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி உள் ஆய்வு இடைவெளி, மீதி ஆயுளில் பாதி அல்லது 10 ஆண்டு, இரண்டில் எது குறைவோ அது. இங்கே 5 ஆண்டு. உப்புக்காற்று வீசும் நம் கரையில் இன்னொரு கட்டமும் தேவை: காப்புறையைப் பிரித்துக் குழாயைப் பார்த்தது எப்போது? மேலே தகடு பளபளக்கும். அரிப்பு அடியில் நடக்கும்.

படி 2: வடிகட்டுதல்

‘ஆலை ஓடும்போதே செய்யலாமா?’ என்று ஒரு கட்டம் சேர்த்து, ‘ஆம்’ என்றவற்றை ஷட்டவுன் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மாற்றுப் பம்பு இருக்கும் இடத்துப் பம்பு வேலைக்கு ஷட்டவுன் எதற்கு? பட்டியல் இங்கேதான் மெலியும்.

படி 3: நாள் குறித்தல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கிரேனுக்கும் வெல்டிங்குக்கும் ஆகாத காலம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பொங்கல் வாரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

படி 4: பிராஜெக்ட் லிப்ரே

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். ஒரு வெப்பப் பரிமாற்றியை எடுத்துக்கொள்வோம். திரவத்தை இறக்குதல் 6 மணி, பிளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) போடுதல் 4, மூடி திறத்தல் 4, குழாய்க்கட்டை உருவுதல் 6, உயர் அழுத்த நீரில் கழுவுதல் 12, ஆய்வு 6, திரும்பப் பொருத்துதல் 8, ஹைட்ரோ டெஸ்ட் (நீர் அழுத்தச் சோதனை) 6, பிளைண்ட் எடுத்தல் 4. மொத்தம் 56 மணி நேரம்.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, திங்கள் காலை 8 மணிக்குத் தொடங்குவதாக உள்ளிட்டால், முடிவு அடுத்த வாரம் செவ்வாய் மாலை என்று காட்டும். மென்பொருளின் வழக்கமான நாள்காட்டி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், சனி ஞாயிறு விடுமுறை என்று எடுத்துக்கொள்வதே காரணம். திட்டத் தகவல் பகுதியில் நாள்காட்டியை 24 மணி நேரத்துக்கு மாற்றுங்கள். புதன் மாலை 4 மணி என்று வரும். கால அளவை நாளில் எழுதாமல் மணியிலேயே எழுதுங்கள். நாள்காட்டியை மாற்றிய பிறகும் ‘1 நாள்’ என்பதை 8 மணி நேரமாகவே அது கணக்கிடலாம்.

இணைப்பது எளிது: ஒவ்வொரு வேலைக்கும் முன்பணியின் (அதற்கு முன் முடிய வேண்டிய வேலையின்) வரிசை எண்ணைக் கொடுங்கள். ஒன்று நீண்டால் மொத்த ஷட்டவுனும் நீளும் வேலைகள் சிவப்புப் பட்டைகளாகத் தெரியும். மேலாளர் கேள்வி கேட்டால் அவற்றைக் காட்டினால் போதும். கிரேன் ஒன்றுதான் என்றால், கிரேன் வேலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துவிடுங்கள். அந்த ஒற்றைக் கிரேன் திட்டத்தை எவ்வளவு நீட்டுகிறது என்று பார்த்தபின், இரண்டாவது கிரேனுக்கு வாடகை கேட்பது எளிது.

படி 5: பிளைண்ட் பட்டியல்

இதைத் தனித் தாளில் வையுங்கள். எந்த ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு வளையம்), போட்டவர், எடுத்தவர், நேரம். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துவராமல் ஆலையைத் தொடங்கக் கூடாது. கலனுக்குள் இறங்கும் பெர்மிட் காகிதத்திலேயே கையெழுத்தாகட்டும். திரையில் ‘முடிந்தது’ என்று காட்டுவதை நம்பி மேன்ஹோலுக்குள் யாரையும் அனுப்பக் கூடாது.

படி 6: ஓடும்போது

தொடங்குவதற்கு முந்தைய நாள் அடிப்படைத் திட்டத்தை (பேஸ்லைன், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க) சேமித்து வையுங்கள். பிறகு ஷிஃப்டுக்கு ஒரு முறை முடிந்த சதவீதத்தைப் பதியுங்கள். மூடியைத் திறந்த பிறகு தெரியவரும் கூடுதல் வேலைகளைப் பழைய வரியில் திணிக்காமல் புது வரியாகச் சேர்த்து, யார் ஒப்புதலில் சேர்ந்தது என்றும் எழுதுங்கள். ஆலை ஓடத் தொடங்கிய வாரத்திலேயே புதிய தடிமன் அளவுகளையும் ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் ஆன மணிகளையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ஒப்பந்ததாரர் எல்லா வேலைக்கும் 12 மணி நேரம் ஆனது என்பார்.