ஒரே டீக்கடை, ஒரே பெஞ்ச்: ஊர் கூடும் இடத்தில் இயேசுவைப் பற்றிப் பேச

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களில் ஒருவர் பேச்சைக் கேட்பதற்கு முன் அவர் யார், எந்த ஊர், அடுத்த வாரமும் வருவாரா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு நாளில் பத்து ஊர் சுற்றிக் கைப்பிரதி கொடுத்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அதே நாளில், அதே நேரத்தில், குறைந்தது ஆறு மாதம் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் தொடங்க வேண்டாம். பாதியில் நிற்பது அடுத்து வருபவருக்கும் கதவை அடைத்துவிடும்.

டீக்கடைக்கு நல்ல நேரம் காலை ஐந்தரை முதல் ஏழு வரை. பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருபவர்களும், முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்களும், பேப்பர் படிப்பவர்களும் அப்போதுதான் இருப்பார்கள். இருவர் போனால் போதும். நால்வர் போனால் கூட்டம் சேர்க்க வந்ததுபோல் தெரியும். பெரிய வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பையில் ஒரு லூக்கா சுவிசேஷம் இருக்கட்டும், கேட்டால் எடுங்கள். உங்கள் டீக்கு மட்டும் காசு கொடுங்கள். எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தால் அடுத்த வாரம் அவர்கள் அந்தக் கடனுக்காக உங்கள் பேச்சைக் கேட்பதுபோல் ஆகிவிடும். அரைமணி நேரத்துக்கு மேல் பெஞ்சை அடைத்து உட்காரக் கூடாது, கடைக்காரருக்கு வியாபாரம் ஆக வேண்டும்.

எங்கே உட்காருகிறீர்கள் என்பதையும் ஊர் கவனிக்கும். தனி கிளாஸ் வைத்துப் பரிமாறிய காலத்தை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. 2012 சாதி வன்முறையில் நாய்க்கன்கொட்டாய் பக்கத்துக் காலனிகளில் எரிந்த தலித் வீடுகளையும் மறக்கவில்லை. ஊர்த்தெருவில் ஒரு முகம், காலனியில் ஒரு முகம் என்று இருந்தால் நீங்கள் சொல்லும் எதுவும் நிற்காது. இரண்டு பக்கமும் அதே ஆளாக உட்காருங்கள், கொடுப்பதை அங்கேயே குடியுங்கள்.

முதல் ஐந்தாறு வாரம் கேட்பதுதான் வேலை. மழை, மாம்பூ, பால் விலை, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகன்: பேச்சு தானாக வரும். வீட்டுக்குப் போனதும் யாருக்கு என்ன கஷ்டம் என்று குறித்து வையுங்கள், அவர்கள் முன்னால் நோட்டை எடுக்காதீர்கள். அடுத்த வாரம், 'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதாண்ணே?' என்று மறக்காமல் கேட்பவரிடம்தான் மனிதர் மனம் திறப்பார்.

யாராவது துக்கத்தைச் சொன்னால், 'உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பேச்சை அதோடு விடுங்கள். சரி என்றால் தாழ்ந்த குரலில் அரை நிமிடம் போதும். தலையில் கை வைக்க வேண்டாம். குணமாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; டிபி, வலிப்பு, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லவே கூடாது. அதைக் கேட்டு ஒருவர் மாத்திரையை விட்டால் உயிருக்கே ஆபத்து.

கதை சொல்லும் நேரம் வந்தால் மூன்று நிமிடத்தில் ஒரே கதை. ஆடு வளர்க்கிற இந்த மண்ணில் லூக்கா 15ஆம் அதிகாரத்தின் காணாமல்போன ஆடு உடனே பிடிபடும். ஆனால் ஆட்டுக்காரர், 'மீதி தொண்ணூத்தொன்பதை யாரு பாத்துக்கிட்டாங்க?' என்று கேட்பார். அது கிண்டல் இல்லை, தொழில் தெரிந்தவரின் கேள்வி. உடனே விளக்கம் சொல்லி அடைத்துவிடாமல், 'உங்க ஆடு தொலைஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?' என்று திருப்பிக் கேளுங்கள். இருட்டில் டார்ச் எடுத்துக்கொண்டு கரடு ஏறிய கதையை அவரே சொல்வார். அங்கிருந்து இயேசு ஏன் அப்படிச் சொன்னார் என்று போகலாம். இரட்சிப்பு, கிருபை, அபிஷேகம் போன்ற சபைச் சொற்களை அப்படியே போடாதீர்கள்; விடுதலை, இரக்கம் என்று புழக்கத்தில் உள்ள சொல் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல வீடுகளில் கன்னடமும் தெலுங்கும்தான் தாய்மொழி, அந்த மொழிப் பிரதியும் பையில் இருக்கட்டும்.

சந்தையில் முறை வேறு. குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டு வியாபாரம் சூடாக நடக்கும்போது யாரையும் நிறுத்தாதீர்கள். விற்று முடித்து மர நிழலில் உட்காரும்போது பேசலாம். போச்சம்பள்ளிச் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. அந்த வியாபாரிகளைக் காலை ஆராதனைக்கு அழைப்பதில் பயனில்லை. அவர்களுக்கு வேறொரு நாள் மாலையில் ஒரு வீட்டுக் கூடுகை வையுங்கள்.

தெருக்குழாய், நூறு நாள் வேலை நடக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பெண்களே இருவராகப் போகட்டும். மகளிர் குழுக் கூட்டத்தில் கணக்கு முடியும் வரை வாயைத் திறக்க வேண்டாம். கோயில் மேடை, அரசமரத்தடியில் ஊர்ப் பேச்சு பேசலாம், மதப் பேச்சு கூடாது. அரசு ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை படுக்கையாகப் போகாதீர்கள். தெரிந்தவரைப் பார்க்கப் போனால் அவரோடு நில்லுங்கள். பெற்றோர் அறியாமல் குழந்தைகளுக்கு மிட்டாயோ பாட்டோ வேண்டாம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம். உங்களோடு பேசியவருக்கு அவர் சொந்தத்தில் பிரச்சினை வரும்.

அரிசி, பள்ளிக் கட்டணம் போன்ற உதவியைக் கூட்டத்துக்கு அழைக்கும் அதே வாயால் சொல்லாதீர்கள். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. முடிவு கேட்பவருடையது. ஓசூர் தாண்டிப் போவதென்றால், கர்நாடகத்தில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்த 2022இல் தனிச் சட்டம் வந்திருப்பதால், அங்குள்ள போதகரிடம் நிலவரம் கேட்டுவிட்டுப் போங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும், ஆனால் இந்த வேலைக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை.

யாராவது எதிர்த்தால் பெயரையும் சபையையும் சொல்லிவிட்டு அமைதியாக எழுந்து வந்துவிடுங்கள். வாதத்தில் ஜெயித்துவிட்டு அதே பெஞ்சில் மறுவாரம் உட்கார முடியாது.

ஞானஸ்நானம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அவசரப்படாதீர்கள். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார். பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் இது தொடும். அதை மறைக்காமல் சொல்லி, வீட்டாரோடு பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் காத்திருங்கள்.