ஞாபக மறதிக்கு மாத்திரை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் அலமாரியில் சென்ற ஆண்டு ஆறு டப்பாக்கள் இருந்தன. வல்லாரை, ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரை, ஒமேகா-3, மஞ்சள் கிழங்குக் காப்ஸ்யூல், இரண்டு வகை வைட்டமின். எல்லாம் ஞாபக சக்திக்கு. எதைச் சாப்பிட்டோம், எதை விட்டோம் என்பதுதான் அவருக்கு ஞாபகம் இல்லை.

மறதிக்குக் காரணத்தைத் தேடாமல் மாத்திரையைத் தேடுவதுதான் பெரிய தவறு. வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் வயதானவர்களுக்கு நினைவு தடுமாறும். இவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை. சைவ உணவு, சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டோப்ரசோல் என்று பி12 குறைய மூன்று வழிகள்; பெரியப்பாவுக்கு மூன்றும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே சத்து மாத்திரையைத் தொடங்கிவிட்டால் உண்மையான குறைவு மறைந்துபோகலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்குவது இன்னும் மோசம்: ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், பி12 இல்லாமல் நரம்புகள் பாழாகிக்கொண்டே இருக்கும்.

டப்பாவின் மேல் இருக்கும் மூளைப் படத்தை நம்புவது அடுத்தது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் தினம் இருவேளை 120 மில்லிகிராம் ஜின்கோவை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சாப்பிட்டும் டிமென்ஷியா எனும் மறதி நோய் வருவது குறையவில்லை. லேசான நினைவுக் குறைபாடு உள்ள 769 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில் வைட்டமின் ஈயும் கைகொடுக்கவில்லை. நம் நாட்டு டப்பாக்களில் பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதை யார் படிக்கிறார்கள்?

பிரம்மி என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. சிலர் வல்லாரையையும் சிலர் நீர்ப்பிரமியையும் அப்படி அழைக்கிறார்கள்; இரண்டும் வேறு செடிகள். வல்லாரைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், அது உணவு. காப்ஸ்யூல் வேறு கணக்கு.

மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவருக்கு ஜின்கோவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பல் பிடுங்கப் போகும்போதுகூட இதைச் சொல்ல வேண்டும். ரசத்தில் போடும் மஞ்சள் வேறு. செறிவூட்டிய மஞ்சள் காப்ஸ்யூல் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது.

ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளையும் பார்க்க வேண்டும். சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமினும் தூக்க மாத்திரையும் முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். ஆனால் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

பெரியம்மா ஆறு டப்பாக்களையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, மருந்துச் சீட்டுகளோடு மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். பி12 ஊசி தொடங்கியது; காதையும் சோதிக்கச் சொன்னார்கள். பாதிப் பேச்சு காதில் விழாததைத்தான் நாங்கள் மறதி என்று நினைத்திருந்தோம். பெரியப்பா சாவியை இன்னும் தேடுகிறார். நான் கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பிப் பார்க்கிறார்.